கட்டையில் கற்ற கலை: ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க ஓவிய வரலாற்றில் வின்ஸ்லோ ஹோமரின் (1836–1910) வாழ்க்கையை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். முதல் பாதியில் அவர் பிழைப்புக்காகப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டவர். இரண்டாம் பாதியில் அந்த வேலையை உதறிவிட்டுக் கடலோரத்தில் தனித்திருந்து பெரிய ஓவியங்களைப் படைத்தவர். முதல் பாதி எப்படியோ கழித்துத் தீர்க்க வேண்டிய காலம் என்றும், உண்மையான ஓவியர் அதன் பிறகே பிறந்தார் என்றும் இந்தப் பிரிவினை நம்மை எண்ண வைக்கிறது. ஆனால் அவருடைய படங்களைக் கால வரிசைப்படி வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்கவில்லை. ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயிலாத ஒருவருக்குப் பத்திரிகை வேலைதான் பள்ளிக்கூடமாக இருந்தது என்பதும், அங்கே கற்றதில் சிலவற்றை அவர் இறுதிவரை விடவில்லை, சிலவற்றைப் பாடுபட்டு மறக்க வேண்டியிருந்தது என்பதும் இந்த ஆய்வின் கருத்து.

ஹோமர் 1836 பிப்ரவரி 24 அன்று பாஸ்டன் நகரில் பிறந்து, அருகிலுள்ள கேம்பிரிட்ஜில் வளர்ந்தார். தாய் ஹென்ரியெட்டா நீர்வண்ணத்தில் நன்றாக வரைந்தவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. வணிகரான தந்தை சார்லஸ், 1849இல் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டுப்போய்க் கைப்பொருளை இழந்து திரும்பியவர். மகனைக் கல்லூரிக்கு அனுப்பும் நிலையில் குடும்பம் இல்லை. சுமார் 19 வயதில் ஹோமர் பாஸ்டனில் பஃபர்டு என்பவரின் கல்லச்சுக் கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். இசைத்தாள்களின் மேலட்டைகளையும் பிரமுகர்களின் உருவங்களையும் அங்கே நாளெல்லாம் கல்லில் வரைய வேண்டியிருந்தது. அந்த வேலையை அவர் வெறுத்தார். 21 வயது நிறைந்ததும் வெளியேறினார். கல்லச்சிலிருந்து மூக்கை நிமிர்த்திய நாள் முதல் தனக்கு எசமானன் என்று யாரும் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்று பிற்காலத்தில் சொன்னார். அதன்படியே நடந்தும் காட்டினார். 1857இல் தொடங்கப்பட்ட ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ என்ற நியூயார்க் வாரப் பத்திரிகை அவருக்குச் சம்பள வேலை தர முன்வந்தபோது, பஃபர்டிடம் பட்ட அடிமைத்தனம் நினைவில் இன்னும் ஆறவில்லை என்று மறுத்துவிட்டு, படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே வரைந்து கொடுத்தார். 1859இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். தேசிய ஓவியக் கழகத்தின் மாலை வகுப்புகளுக்குச் சிறிது காலம் சென்றார். எண்ணெய் வண்ணத்தைக் கையாள ஃபிரெடெரிக் ரொன்டெல் என்ற ஓவியரிடம் சில பாடங்கள் கேட்டுக்கொண்டார். அவர் முறைப்படி பெற்ற பயிற்சி இவ்வளவுதான்.

ஆகவே அவருடைய கை எங்கே பழகியது என்று தெரிய வேண்டுமானால், அக்காலப் பத்திரிகைப் படம் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். அன்று புகைப்படத்தை நேரடியாகப் பத்திரிகையில் அச்சிட வழியில்லை. பாக்ஸ்வுட் என்னும் இறுகிய மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் வெள்ளை பூசி, அதன்மேல் ஓவியர் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதை உளியால் தோண்டி எடுப்பார். அந்த மரம் பருமனாக வளராதது. அதனால் பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பலகையாக்கினார்கள். நாள் நெருக்கினால் கட்டைகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துச் செதுக்கி, மறுபடி பூட்டுவார்கள். ஓவியரின் மூலக்கோடு உளியோடு போய்விடும். மிஞ்சுவது வேறொருவர் கையால் வெட்டப்பட்ட அச்சு மட்டுமே.

இந்த முறையில் மென்மையான வண்ணச் சாயல்கள் தங்கா. பளிச்சென்ற வெண்மையும் அடர்ந்த கருமையும் உருவத்தின் வெளிக்கோடும்தான் தாங்கி நிற்கும். முகத்தின் நுட்பமான உணர்ச்சியை நம்பி வரைந்த படம், யாரோ ஒரு செதுக்காளரின் அவசரத்தில் கெட்டுவிடும். உடலின் வளைவிலும் நிற்கும் நிலையிலும் செய்தியை வைத்த படம் யார் செதுக்கினாலும் பிழைக்கும். போர்க்காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற பத்திரிகை அது. பக்கத்தைப் புரட்டும் வாசகருக்கு ஒரே பார்வையில் படம் புரிந்தாக வேண்டும். இருநூறுக்கு மேற்பட்ட படங்களைப் பத்திரிகைகளுக்காக வரைந்த ஹோமர், எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற முடிவை அத்தனை முறையும் கட்டையின் முன் உட்கார்ந்து எடுத்திருக்கிறார். எந்தக் கல்லூரியும் இதைவிடக் கடுமையாக இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்பது என் துணிபு.

போர்முனை

1861இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ‘ஹார்ப்பர்ஸ்’ அவரை வடக்கின் பொட்டோமாக் படையுடன் சிறப்புப் படக்காரராக அனுப்பியது. 1862 வசந்தத்தில் விர்ஜீனியாவின் யார்க்டவுன் முற்றுகையின்போது அவர் 61ஆம் நியூயார்க் படைப்பிரிவுடன் தங்கினார். அதன் அதிகாரியான ஃபிரான்சிஸ் சானிங் பார்லோ குடும்பத்துக்குத் தெரிந்தவர். போர்க்களத்தின் பெரும் மோதல்களை அவர் அதிகம் வரையவில்லை. கூடாரம், சமையல், கடிதத்துக்குக் காத்திருத்தல், சலிப்பு ஆகியவற்றையே அவருடைய கண் தேடிப்போனது.

அந்த முற்றுகையில் பிறந்த ஒரு படம் இந்த ஆய்வுக்கு முதன்மையான சான்று. 1862 நவம்பர் 15 இதழில் ‘காவல் பணியில் ஒரு குறிசுடுநர்’ வெளிவந்தது. பைன் மரக்கிளையில் ஒரு வீரன் உட்கார்ந்திருக்கிறான். தொலைநோக்கி பொருத்திய நீண்ட துப்பாக்கியைக் கிளையில் தாங்கி, கண்ணை அதில் பதித்திருக்கிறான். யாரைக் குறிபார்க்கிறான் என்பது படத்தில் இல்லை. இதே காட்சியை ஹோமர் எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார். 1863 என்று தேதியிட்ட அந்தச் சிறிய ஓவியமே அவருடைய முதல் முக்கியமான எண்ணெய் ஓவியமாகக் கருதப்படுகிறது. இப்போது மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சுப் படத்தில் கிளையில் தொங்கும் தண்ணீர்க்குடுவை ஓவியத்தில் இல்லை. முகமும் பாதிக்குமேல் துப்பாக்கிக்கும் கைக்கும் பின்னால் மறைந்திருக்கிறது. மிச்சமிருப்பது மரம், உடல், ஆயுதம் ஆகிய மூன்று கோட்டு ஓட்டங்கள். வீரத்தைப் போற்றும் அடையாளம் எதுவும் அதில் கிடையாது. பழிக்கும் அடையாளமும் கிடையாது. தான் என்ன நினைத்தார் என்பதை ஹோமர் 1896இல் ஒரு பழைய போர்வீரருக்கு எழுதிய கடிதத்தில்தான் வெளியிட்டார். யார்க்டவுனில் அப்படிப்பட்ட துப்பாக்கி ஒன்றின் தொலைநோக்கி வழியாகத் தானே பார்த்ததாகவும், படை தொடர்பாகத் தான் எண்ணிப்பார்க்கக்கூடிய எதையும்விடக் கொலைக்கு நெருங்கியதாக அது தனக்குப் பட்டதாகவும் எழுதி, குறிக்கோட்டில் அகப்பட்ட ஒரு மனிதனைச் சிறு கோட்டுப் படமாகவும் அதில் வரைந்திருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஆறாத அந்தத் திகிலை ஓவியத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வைத்திருக்கிறார். பார்ப்பவர் தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று விட்டுவிடுகிறார்.

1865இல் போர் முடிந்து லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வரைந்த ‘புதிய களத்தில் பழைய போர்வீரன்’ இன்னும் தெளிவான சான்று. வீடு திரும்பிய வீரன் நமக்கு முதுகைக் காட்டியபடி விளைந்த கோதுமையை அறுத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய படைச் சட்டையும் தண்ணீர்க்குடுவையும் கீழே வலது மூலையில் கிடக்கின்றன. அக்காலத்தில் தானிய அறுவடைக்குப் பயன்பட்டது, தாளை அணைத்துச் சாய்க்கும் மரச்சட்டம் பூட்டிய அரிவாள். ஹோமரும் முதலில் அதைத்தான் வரைந்தார். பிறகு சட்டத்தின் விரல்களை அழித்து ஒற்றை அலகு மட்டும் இருக்குமாறு மாற்றினார். காலப்போக்கில் மேல்பூச்சு மெலிந்து, அழிக்கப்பட்ட விரல்கள் இன்று மங்கலாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. உழவுக் கருவி என்ற அளவில் அது பிழைதான். ஆனால் ஒற்றை அலகு கொண்ட நீண்ட அரிவாள் மேற்கத்திய மரபில் மரணத்தின் கையில் இருப்பது. கருவியின் உண்மையை விட்டுக்கொடுத்துப் படத்தின் உண்மையை அவர் தேர்ந்தார்.

அடுத்த ஆண்டு வந்த ‘போர்முனைக் கைதிகள்’ அவருக்குப் புகழைத் தந்தது. வடக்கின் அதிகாரி பார்லோவின் முன்னால் தெற்கின் கைதிகள் மூவர்: நிமிர்ந்து நிற்கும் இளைஞன், தளர்ந்த கிழவர், விடலைப் பையன். மூன்று நிற்கும் விதங்களில் தோற்ற நாட்டின் மூன்று மனநிலைகள் புரிந்துவிடுகின்றன. அப்படம் 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கும் சென்றது. ஹோமரும் பாரிஸ் சென்று ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அங்கே தங்கினார்.

மறக்க வேண்டியிருந்தது

பத்திரிகை கற்றுக்கொடுத்ததெல்லாம் நல்லதாக இருக்கவில்லை. ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்ற கட்டாயம், வாசகருக்கு ஏற்கெனவே பழகிப்போன மாதிரி உருவங்களைக் கையாளும்படி படக்காரரை இழுக்கும். 1861 டிசம்பரில் வெளிவந்த ‘பொட்டோமாக் கரையில் முகாம்தீ’ என்ற படத்தில், வட்டமாக அமர்ந்த வெள்ளை வீரர்களின் நடுவே ஒரு கறுப்பின மனிதர் ஆடுகிறார். அவர் அங்கே கேளிக்கைப் பொருள் மட்டுமே. அன்றைய வாசகர் எதிர்பார்த்ததும் அதுதான். இளைஞரான ஹோமர் அதைக் கேள்வி கேட்காமல் கொடுத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்கு நேர்மாறாக, சில ஆண்டுகளிலேயே வந்த ‘ஆண்டர்சன்வில் அருகே’ (1865–66) என்ற ஓவியத்தில், இருண்ட வாசலிலிருந்து வெயிலுக்குள் வந்து நிற்கும் கறுப்பினப் பெண்ணே படத்தின் நடுநாயகம். தூரத்தில் தெற்கின் வீரர்கள் வடக்கின் கைதிகளைக் கொடிய சிறைமுகாமுக்கு நடத்திச் செல்கிறார்கள். தன்னை விடுவிக்க வந்தவர்கள் சிறைப்படுவதைக் கண்டும் அவளுடைய முகம் எதையும் உடைத்துச் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருப்பவள் அவள்தான் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. 1870களின் நடுவில் ஹோமர் மீண்டும் விர்ஜீனியா சென்று வந்ததன் விளைவாக ‘பருத்தி பறிப்பவர்கள்’, ‘பழைய எஜமானியின் வருகை’ (இரண்டும் 1876) ஆகியவை பிறந்தன. பின்னதில், கறுப்புடை அணிந்த முன்னாள் எஜமானி வலப்பக்கம் நிற்கிறார். எதிரே குடிசைக்குள் முன்பு அடிமைகளாக இருந்த பெண்கள். அவர்களில் ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னால் நினைத்தே பார்க்க முடியாத காரியம் அது. இரு தரப்புக்கும் இடையே ஹோமர் விட்டிருக்கும் வெற்று இடத்தை எந்தக் கையும் கடக்கவில்லை. பத்திரிகையில் பழகிய வெளிக்கோட்டு மொழி அப்படியே இருக்கிறது. பழகிய மாதிரி உருவம்தான் உடைந்துவிட்டது. அவருடைய வளர்ச்சியில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இந்த மாற்றம்.

1873 கோடையில் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணத்தில் முழுமையாக இறங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய புகழ்பெற்ற ‘சாட்டைவீச்சு’ ஓவியம் (1872) மரச்செதுக்காக ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வந்தது: பள்ளிக்கூடத்தின் முன்னால் கைகோத்து ஓடும் வெறுங்கால் பையன்களின் சங்கிலி, அதன் நுனியில் அறுந்து விழும் சிறுவர்கள். விமர்சகர்கள் அவருடைய திறமையை ஒப்புக்கொண்டே, படங்கள் அரைகுறையாக முடிக்கப்பட்டவை என்றார்கள். 1875இல் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், ஹோமர் தேர்ந்த பொருள்கள் அவலட்சணமானவை என்று எழுதிவிட்டு, அவற்றை அழகானவை போலத் துணிந்து வரைந்து அவர் வென்றுவிட்டதையும் ஒத்துக்கொண்டார். அந்த 1875ஆம் ஆண்டோடு ‘ஹார்ப்பர்ஸ்’ வேலையை ஹோமர் நிறுத்திக்கொண்டார். ஆனால் கழித்தெடுக்கும் பழக்கம் நிற்கவில்லை. 1876இல் முடித்த ‘நல்ல காற்று’ என்ற பாய்மரப் படகு ஓவியத்தை அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்தபோது, பாய்மரக் கம்பத்தருகே முதலில் இன்னொரு பையனும், தொலைவில் இரண்டாவது கப்பலும் இருந்து பின்பு நீக்கப்பட்டது தெரியவந்தது.

கடல்

1881இல் ஹோமர் இங்கிலாந்தின் வடகடல் கரையிலுள்ள கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊருக்குப் போய் அடுத்த ஆண்டு வரை தங்கினார். ஏன் அந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் என்ன கிடைத்தது என்பதை நீர்வண்ணப் படங்கள் காட்டுகின்றன: கூடை சுமந்தும் வலை பழுதுபார்த்தும் புயலில் படகுகளை எதிர்பார்த்தும் நிற்கும் மீனவப் பெண்கள். நியூயார்க் காலத்தின் கோடைவிடுமுறைப் பெண்களிடம் இல்லாத எடை இந்த உடல்களில் இருக்கிறது. கரையோர மீட்புப் பணியையும் அவர் அங்கே நேரில் கண்டார்.

திரும்பியபின் 1883இல் நியூயார்க்கை விட்டு, மெய்ன் மாநிலத்தின் பிரௌட்ஸ் நெக் என்ற பாறை முனையில் குடியேறினார். குடும்பத்துக்குச் சொந்தமான வண்டிக்கொட்டகையைத் தள்ளிவைத்து, கட்டடக் கலைஞர் ஜான் கால்வின் ஸ்டீவன்ஸ் அதை ஓவியக்கூடமாக மாற்றிக் கொடுத்தார். கடலைப் பார்த்தபடி மாடியில் ஒரு நீண்ட திறந்த முகப்பு. அடுத்த ஆண்டு காட்சிக்கு வந்தது ‘உயிர்க்கயிறு’. உடைந்த கப்பலுக்கும் கரைக்கும் இடையே கட்டிய கயிற்றில் கப்பியில் தொங்கும் மிதவை இருக்கை. அதில் மயங்கிக் கிடக்கும் பெண்ணை ஒரு மீட்பாளர் அணைத்துக் கொண்டுவருகிறார். கப்பலும் கரையும் ஓரத்தில் கொஞ்சமாகத்தான் தெரிகின்றன. மீட்பாளரின் முகம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே காற்றில் பறக்கும் சிவப்புத் துணி. ஹோமர் முதலில் முகத்தை வரைந்துவிட்டுப் பிறகே துணியால் மூடினார். முகம் இருந்திருந்தால் படம் ஒரு நாயகனின் கதையாகியிருக்கும். முகம் மறைந்ததும் கண் முழுவதும் அந்தக் கயிற்றின்மேல் போய் நிற்கிறது. குறிசுடுநரின் முகத்தைத் துப்பாக்கியால் மறைத்த அதே கை இது. கேத்தரின் லோரிலார்ட் உல்ஃப் என்ற சேகரிப்பாளர் அதை 2,500 டாலருக்கு வாங்கினார். அதுவரை ஹோமருக்குக் கிடைத்திராத விலை அது. தொடர்ந்து ‘மூடுபனி எச்சரிக்கை’, ‘எட்டு மணி’ முதலிய மீனவர் ஓவியங்கள் வந்தன. சிலவற்றைத் தானே செப்புத்தகட்டில் அமிலத்தால் பொறித்து அச்சிட்டு விற்கவும் முயன்றார். கட்டையில் தன் கோட்டை வேறொருவர் வெட்டியது போக, இப்போது தகடும் தன் கையிலேயே இருக்கட்டும் என்று அவர் எண்ணியது இயல்பே.

குளிர்காலங்களில் பஹாமாஸ், கியூபா, ஃபுளோரிடா, பெர்முடா. மற்ற நாட்களில் அடிராண்டாக் மலைகளும் கனடாவின் ஆறுகளும். இப்பயணங்களில் பிறந்த நீர்வண்ணங்களையே அவருடைய கைத்திறத்தின் உச்சமாக நான் மதிக்கிறேன். 1884–85 குளிர்காலப் பஹாமாஸ் பயணமே ஒரு மாத இதழுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஒப்பந்தத்தில் அமைந்ததுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பயணத்தின் சிறு முன்வரைவுகளிலிருந்து 1899இல் ‘வளைகுடா நீரோட்டம்’ உருவாயிற்று. பாய்மரம் ஒடிந்த படகில் ஒரு கறுப்பினத்தவர் சாய்ந்திருக்கிறார், சுற்றிலும் சுறாக்கள், அருகில் சில கரும்புத்தண்டுகள், வலப்புறம் நீர்ச்சுழற்காற்று. இடப்புற அடிவானத்தில் ஒரு கப்பல் போகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் பார்த்திருக்கிறார். 1861இன் முகாம்தீப் படத்தில் மற்றவர் பார்ப்பதற்காக ஆடிய மனிதரையும் இவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட 38 ஆண்டுகளில் ஓவியர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது விளங்கும். இவரிடம் இரக்கத்தைத் தூண்டும் பாவனை ஒன்றும் இல்லை. பார்வையாளர்கள் இவருக்கு என்ன ஆகும் என்று விற்பனையாளர் வழியாகக் கேட்டபோது, விளக்கம் தேவைப்படும் படத்தை வரைந்ததற்கு வருந்துவதாக ஹோமர் பதில் எழுதினார். தேசிய ஓவியக் கழகத்தின் நடுவர்கள் 1906இல் பரிந்துரைக்க, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

தன் வாழ்க்கையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. 1908இல் ஒருவர் வாழ்க்கை வரலாறு எழுத அனுமதி கேட்டபோது, தன் வாழ்வின் சுவையான பகுதி பொதுமக்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லி விவரம் தர மறுத்தார். அந்த ஆண்டே ஒரு சிறு பக்கவாதம் தாக்கியது. அதிலிருந்து தேறி, 1909இல் ‘வலதும் இடதும்’ என்ற ஓவியத்தை முடித்தார். இரட்டைக்குழல் துப்பாக்கியால் அடிபட்ட இரண்டு வாத்துகள் அலைக்குமேல் நமக்கு மிக அருகே தத்தளிக்கின்றன. அலைகளுக்கு அப்பால் சிறு படகும், துப்பாக்கி முனையின் ஒரு துளிச் சிவப்பும் தெரிகின்றன. சுடுபவர் நம் பக்கம் குறிவைத்திருக்கிறார். கட்டையில் வரைந்த காலத்தைப் போலவே உருவத்தின் வெளிக்கோடும் வெற்று இடமும் ஒரு புள்ளி நெருப்பும் மட்டுமே கதையைச் சொல்கின்றன. 1910 செப்டம்பர் 29 அன்று பிரௌட்ஸ் நெக்கில் ஹோமர் மறைந்தார். கேம்பிரிட்ஜின் மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த ஆய்வின் கருத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதே பத்திரிகையில் அதே போரை வரைந்த ஆல்ஃபிரட் வோட், ஹோமரைவிட மிக நீண்ட காலம் படையோடு இருந்தவர். கெட்டிஸ்பர்க் போரை நேரில் வரைந்தவர். அவருடைய கோட்டுப்படங்கள் போர்ச் சான்றுகளாக இன்றும் ஒப்பற்றவை. ஆயினும் அவர் படக்காரராகவே நின்றார். ஒரே பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் மட்டும் ஏன் வேறாக வளர்ந்தார் என்ற கேள்விக்குப் பயிற்சியை மட்டும் காட்டி விடை சொல்ல முடியாது. சம்பளத்தை மறுத்ததால் ஹோமருக்குத் தன் நேரம் தன் கையில் இருந்தது. பத்திரிகைக்குக் கொடுத்து முடித்த காட்சியை மறுபடி கித்தானில் எடுத்து, கழித்து, மாற்றிப் பார்க்க அந்த நேரம்தான் இடம் தந்தது. அச்சேறிய படத்தை வோட் திருத்த வழியில்லை; அடுத்த வாரத்துக்கு அடுத்த படம் காத்திருக்கும். ஹோமரோ முடிந்த படத்தையும் விடவில்லை. ‘நரி வேட்டை’ (1893) ஓவியத்தில் பனியில் ஓடும் நரியைத் துரத்தும் காகங்கள் காகங்களாகவே இல்லை என்று ஊர் ரயில் நிலைய அதிகாரி சொன்னதைக் கேட்டு, அவற்றை அழித்துவிட்டு, நிலையத்தருகே சோளம் இறைத்து வரவழைத்த காகங்களைப் பார்த்துத் திரும்ப வரைந்தார் என்று சொல்வார்கள். அந்த ஓவியத்தைப் பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் 1894இல் வாங்கியது. அருங்காட்சியகம் ஒன்று விலைகொடுத்து வாங்கிய அவருடைய முதல் ஓவியம் அது.